பேச்சுக்கு ஒரு வகுப்பு

14 ஜூலை 2025

என் பெண் மஞ்சுளா கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு விருப்பப் பாடம் எடுத்துவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம்: கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி, இல்லாவிட்டால் மேடையில் பேசும் பாடம். டேலி படித்தால் வில்லியனூரில் எந்தக் கடையிலும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். இவள் பேச்சை எடுத்திருக்கிறாள்.

பேசுவதற்கு ஒரு பாடமா? அதற்கு மார்க் வேறா? நான் எட்டாவதோடு நின்றவன். டீக்கடைப் பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்துத்தான் நாக்கைப் பழக்கினேன். இந்த மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தில் கல்யாணம், கருமாதி, கரும்புக்காரர் கூட்டம் – எதில் நான் பேசவில்லை? எவன் எனக்கு மார்க் போட்டான்? மார்க்கை விடு, நோட்டீசில் பேர் கூடப் போட்டதில்லை. "மற்றும் பலர்" என்று அச்சடிப்பார்கள். அந்தப் பலர் நான்தான்.

"இந்த வூட்ல பேச்சுக்கு இன்னா பஞ்சம்னு அத காலேஜ்ல போயி படிக்கிற?" என்று கேட்டேன்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "உங்க பேச்சக் கேட்டு அதுக்குக் காது தேஞ்சி போச்சி. வாயாவது மிஞ்சட்டும், வுடுங்க."

தனக்கொடியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படித்தான். குழந்தை இல்லை, இல்லை என்று ஊர் பேசி ஓய்ந்த பிறகு பிறந்த ஒரே பெண் மஞ்சுளா. அதனால் இரண்டு பேரும் ஒரு கட்சி.

17 ஜூலை

மஞ்சுளாவோடு பேசாமல் இருக்கிறேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

25 ஜூலை

பேச்சு வகுப்பில் முதல் வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பேச்சு வகுப்பில் பேசாமல் இருக்கச் சொல்லித் தருகிறார்கள். இதற்கு ஒரு டீச்சர், சம்பளம்.

என்னிடம் வந்து, "அப்பா, நீ மொத மொதல்ல மேடையில பேசினது எங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். காட்டேரிக்குப்பத்தில் ஒரு நாடகத்துக்கு நடுவே திரை அவிழ்ந்து விழுந்ததையும், திரையைக் கட்டும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்கச் சொல்லி என்னை மேலே தள்ளிவிட்டதையும் சொன்னேன். சோறு ஆறிவிட்டது. மஞ்சுளா அசையவில்லை. வீட்டுப்பாடம் என்பதால் கேட்டாளோ என்னவோ. ஆனால் இந்தக் கதையை இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

5 ஆகஸ்ட்

சாயங்கால பஸ் நின்றுவிட்டது. வில்லியனூரிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பி நம் ஊர் வந்து போகும் டவுன் பஸ். இனிமேல் மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து ஊருக்குள் வர இருபுறமும் கரும்புதான், விளக்கு கிடையாது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் எல்லாம் அந்த பஸ்ஸை நம்பித்தான் இருந்தார்கள். மஞ்சுளாவும்தான். அவளுடைய பேச்சு வகுப்பு கல்லூரி விட்ட பிறகு கடைசியில் நடப்பது. வகுப்பு இல்லாவிட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து, மெயின் ரோட்டிலிருந்து வெளிச்சத்திலேயே நடந்து வந்துவிடுவாள்.

நான் சொன்னபோது யார் கேட்டார்கள்?

11 ஆகஸ்ட்

முதல் இரண்டு நாளும் நானே மெயின் ரோட்டில் போய் நின்றேன். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மஞ்சுளாவும், கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டுச் செல்வகுமாரியும் செல்போன் வெளிச்சத்தில் நடந்து வந்திருக்கிறார்கள். பின்னாலேயே ஒரு பைக் விளக்கை அணைத்துக்கொண்டு ஊர் எல்லைவரை வந்ததாம். மஞ்சுளா சொல்லவில்லை. செல்வகுமாரிதான் சொன்னாள்.

தனக்கொடி தட்டைக் கழுவிக்கொண்டே முடிவு சொல்லிவிட்டாள். "தீவாளி வரைக்கும் பாப்பேன். பஸ்சு வரலன்னா அந்த வகுப்ப வுட்டுடணும். இல்லன்னா காலேஜே வேணாம்."

பாதியில் விட்டால் அந்தப் பாடத்தில் அரியர் விழுமாம். மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

பஸ்ஸை நான் கொண்டு வருவேன். நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

9 செப்டம்பர்

இன்று குறைகேட்புக் கூட்டம். பஸ் முதலாளி ஹமீது பாயையும் அழைத்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். மேடையில் பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி, எஞ்சினியர், அப்புறம் கொம்யூனில் பேர் உள்ளவர்கள் வரிசையாக. நம் ஊருக்காக நான்தான் போனேன்.

மரியாதை தெரிந்தவன் எப்படித் தொடங்குவானோ அப்படித்தான் தொடங்கினேன். ஒவ்வொருவரையும் பதவி, பேர், அவர் செய்த நல்ல காரியம் எல்லாம் சொல்லி, அவர்களே, அவர்களே என்று விளித்து வந்தேன். ஒருவரை விட்டாலும் மனக்குறை. நோட்டீசில் விடுபட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும். கீழே உட்கார்ந்திருந்த பெரியவர்கள், தாய்மார்கள், மைக்செட் தம்பி வரை வந்தேன். "எங்கள் ஊரின் நீண்டகால" என்று தொடங்கும்போது மணி அடித்துவிட்டார்கள். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஊர்.

வெளியே டீ குடிக்கும் இடத்தில் ஹமீது பாய் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நக்கல் இல்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

"குழந்தைவேல் அண்ணே, எல்லாரு பேரையும் சொன்னீங்க. என் பேரக்கூட சொன்னீங்க, சந்தோசம். இன்னா வேணும்னு மட்டும் சொல்லலியே."

அதற்கு நான் என்ன சொன்னேன்? மூன்று நிமிடம் என்பது அவமரியாதை என்றேன். பாய் தலையை ஆட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

10 செப்டம்பர்

விஷயம் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. மைக்செட்காரன் வேலை.

தனக்கொடி: "மைக்செட்டுப் பையன் பேரு கூட சொன்னீங்களாமே. மாட்டு பேரு எல்லாம் சொன்னீங்களா, மறந்துட்டீங்களா?"

மஞ்சுளா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருக்கலாம்.

18 செப்டம்பர்

கல்லூரிக்கே போனேன். அந்த வகுப்பைச் சீக்கிரமே வைத்து, என் பெண்ணை நாலு மணி பஸ்ஸுக்கு விடச் சொல்லத்தான் போனேன்.

டீச்சர் பேர் உஷாராணி. சின்ன வயது, குரல் பெரியது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அறை அந்த நேரத்துலதாங்க கெடைக்குது. நானே சண்டை போட்டுப் பாத்துட்டேன்" என்றார். பிறகு, "வந்தது வந்தீங்க, பத்து நிமிஷம் பின்னாடி உக்காருங்களேன். இதுங்க எப்பவும் ஒண்ணுக்கொண்ணு பேசிக் கைத்தட்டிக்குதுங்க. கைத்தட்டாத ஆளு ஒருத்தர் எனக்கு வேணும்" என்றார்.

கைத்தட்டாமல் உட்கார எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரியமாணிக்கத்துப் பெண் ஒருத்தி அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் பற்றிப் பேசினாள். கூட்டத்தை வணங்கக்கூட இல்லை. எடுத்த எடுப்பில், "எங்க ஊரு ஸ்கூல்ல பொண்ணுங்க மத்தியானம் தண்ணி குடிக்க மாட்டாங்க" என்றாள். ஏன் என்று கேட்க வைத்துவிட்டாள். நான் அப்படித் தொடங்கியிருக்க மாட்டேன்.

முடிந்ததும் டீச்சர் என்னைக் கேட்டார். "குரல் போதாது" என்றேன். அந்தப் பெண் விடவில்லை. "எந்த எடத்துலங்க ஐயா காதுல வுழல?"

எந்த இடம் என்று சொல்ல முடியவில்லை. எல்லா இடமும் விழுந்தது. ஆனால் கேட்ட விதம் சரியில்லை.

கடைசித் தேர்வு எப்படி என்றும் டீச்சர் சொன்னார். கேட்க மனமில்லாத ஒருவரிடம் போய் மூன்று நிமிடம் பேசி ஒரு காரியத்தைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றாரா என்பதற்கு மார்க் இல்லை. கடைசிவரை கேட்டாரா என்பதற்குத்தான் மார்க். விசித்திரமான கணக்கு.

19 செப்டம்பர்

சண்டை.

நான்தான் தொடங்கினேன். "ஒரு வணக்கம் சொல்லத் தெரியல, அது ஒரு பேச்சு, அதுக்கு ஒரு வகுப்பு. உனக்கு இன்னாத்துக்கு அது? இன்னா பேசணும் உனக்கு? சொல்லு, நான் பேசறேன்" என்றேன்.

"அதாம்பா" என்றாள். "எனக்கு இன்னா பேசணும்னாலும் நீ பேசிடற. ஸ்கூல்ல அட்மிசன் போட்டப்ப எம் பேரக் கேட்டாங்க, அதக் கூட நீதான் சொன்ன. இந்த வூட்ல நான் ஒரு பேச்ச முழுசா முடிச்சதே இல்ல. காலேஜ்ல மொத நாளு எல்லாரும் எழுந்து பேரு ஊரு சொன்னாங்க. எனக்கு வாய் வரல. யாராவது சொல்லிடுவாங்கன்னு நின்னுக்கிட்டு இருந்தேன்."

நான் நடுவில் எதையோ சொல்லப் போனேன். "பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் என்ன, வேறொருத்தருக்காகவா பேசினேன்? அவளுக்காகத்தானே? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முறைத்துப் பார்த்தார், குழந்தை பயந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டது, நான் சொன்னேன். அது தப்பா? எந்த அப்பன் சொல்லாமல் இருப்பான்?

20 செப்டம்பர்

தப்பில்லை.

28 செப்டம்பர்

பஸ் ஏன் நின்றது என்று மஞ்சுளா கண்டுபிடித்து வந்திருக்கிறாள். கண்டக்டர் ஆண்டனியைக் கேட்டாளாம். கேட்டுவிட்டு மெயின் ரோடு வரும்வரை வாயைத் திறக்கவில்லையாம். அவர் ஊர்க்கதை, மாமியார் கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறார்.

நாங்கள் எல்லோரும் டீசல் நஷ்டம் என்று நினைத்தோம். அதில்லை. கோயிலுக்கு எதிரே சமுதாயக் கூடம் கட்டியதிலிருந்து பஸ் திரும்ப இடமில்லை. இரண்டு மாதம் மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஒருநாள் இருட்டில் பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. டிரைவர் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

இதைத் தனக்கொடியிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டேன்.

6 அக்டோபர்

மஞ்சுளா ஹமீது பாயைப் போய்ப் பார்த்திருக்கிறாள். துணைக்குச் செல்வகுமாரி. நான் வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா நான் உன்னியே பாத்துக்கிட்டு நிப்பேன். வேணாம்பா" என்றாள். போகவில்லை.

பாய் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒரு எடம் இருந்தா வரும்னாரு" என்றாள். எந்த இடம் என்றேன். மாட்டுக்குத் தவிடு வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

தனக்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

12 அக்டோபர், ஞாயிறு

காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் மஞ்சுளா எதிரே வந்து நின்றாள். தலை வாரியிருந்தாள். கல்லூரிக்குப் போகிற சுடிதார், ஞாயிற்றுக்கிழமையில்.

"அப்பா, மூணு நிமிசம். நடுவுல பேசக் கூடாது. அப்பறம் நீ எவ்ளோ நேரம் வேணா பேசு."

நான் பதில் சொல்வதற்குள் தொடங்கிவிட்டாள்.

"நம்ம களத்து வேலியப் பிரிக்கணும். ராத்திரி பஸ்சு அங்க நிக்கணும்."

சமுதாயக் கூடத்துக்குப் பக்கத்து மனை நம் களம். நெல் காயப்போடவும் ஊரார் பந்தல் போடவும் திறந்துதான் கிடந்தது. அந்தக் கூடத்துக்காக எத்தனை கூட்டத்தில் பேசினேன் நான். திறப்பு விழா நோட்டீசில் மற்றும் பலர். அந்த வாரமே ஆள் விட்டு வேலி அடைத்தேன். என் மண்ணில் இனி ஊர்க்காரியம் எதுவும் கிடையாது என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். இது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வாயைத் திறந்தேன். தனக்கொடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சுளா சொன்னதை நினைவிருக்கிற வரை எழுதுகிறேன்.

"டிரைவர் அண்ணனுக்கு ஊரு பக்கத்துலதான். ராத்திரி பஸ்ச இங்க போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டு, காலைல வந்து எடுத்தா பாய்க்கும் டீசல் மிச்சம். ஆனா வண்டி திரும்பறதுக்கு எடம் ஒண்ணுதான் கீது. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் உன்கிட்ட வந்து கேக்க மாட்டாங்க. கேட்டா நீ நோட்டீசுலேருந்து ஆரம்பிப்ப. அவங்க உம் பேரப் போட்டிருக்கணும்பா. தப்பு அவங்களுதுதான். எனக்கும் அன்னிக்கு அழுகயா வந்திச்சு. அதுக்கு செல்வகுமாரி அக்கா ஏம்பா கரும்புக் கொல்ல நடுவுல ஓடி வரணும்? அந்த பைக்கு வந்த அன்னிக்கு அக்கா செருப்பக் கைல எடுத்துக்கிட்டு ஓடிச்சு. நான் உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ கத்துவ, என்னிய நிறுத்திடுவ. எனக்கு அந்த வகுப்பு வேணும். உன்கிட்ட இது மாதிரி நின்னு பேச எனக்கு இது வரைக்கும் வந்ததில்ல. இப்ப வருது. அத வுட மாட்டேன்."

நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவ்ளோதாம்பா. வேலி."

துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எப்போதும் இருக்கும். எது முதலில் என்று தெரியவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

13 அக்டோபர்

அவள் பேச்சில் குறை தேடிப் பார்த்தேன். இடது கையை அதிகம் ஆட்டுகிறாள்.

15 அக்டோபர்

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

17 அக்டோபர்

வேலிக் கம்பில் பாதி கரையான் அரித்துக் கிடக்கிறது. எப்படியும் பிரிக்க வேண்டியதுதான். ஆள் வைக்காமல் நானே பிரித்தேன். போகிற வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். "இன்னா மாமா, வேலி?" என்றான் எங்கள் தெருக் குமரவேல். கரையான் என்றேன்.

சாயங்காலம் மஞ்சுளா வந்தாள். களத்தைப் பார்த்தாள். புத்தகப் பையைக் கழற்றாமல் வந்து, பிரித்த கம்புகளை என்னோடு சேர்ந்து அடுக்கினாள். ஒரு முள் அவள் விரலில் ஏறியது. எடுத்துவிட்டேன். சின்னப் பிள்ளையில் கத்துவது போலவே கத்தினாள்.

20 அக்டோபர்

தீபாவளி. மழை. தனக்கொடி கெடு பற்றி வாயே திறக்கவில்லை. ஹமீது பாய் வீட்டுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாள். மழை விட்டுத் தரை இறுகினால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வண்டி வரும் என்று பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதிரசத்துக்கு முன்பா, பின்பா என்று தெரியவில்லை.

24 அக்டோபர்

"உங்க டீச்சர்கிட்ட இன்னா சொன்ன?" என்று கேட்டேன். பாயிடம் பேசியதைத்தான் தேர்வாகக் காட்டியிருப்பாள் என்று நினைத்தேன்.

"பாய்கிட்ட பேசறது சுளுவுப்பா, அவரு நல்லாவே கேட்டாரு" என்றாள். "உன்னியத்தான் சொன்னேன். கேக்க மனசில்லாத ஆளு. ஆனா முழுசா கேட்டாருன்னு எழுதினேன்."

"உங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டு இருந்தா."

"அதயும் எழுதினேன்."

தனக்கொடி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். என்னை வைத்து மார்க் வாங்கியிருக்கிறார்கள். கேட்பாரில்லை.

27 அக்டோபர்

மறுபடி மழை. களம் சேறு. ஹமீது பாயிடமிருந்து போன்: இன்னும் ஒரு வாரம்.

செங்கல் சூளைக்காரனிடம் சொல்லி உடைந்த கல் ஒரு டிராக்டர் வாங்கிக் களத்தில் கொட்டி, நானும் குமரவேலும் பரப்பினோம். கரையான் போல இதற்கும் ஒரு காரணம் யோசித்து வைத்திருந்தேன். இந்த முறை யாரும் கேட்கவில்லை.

பரப்பிக்கொண்டிருக்கும்போது குமரவேல் தன் பெண்ணைப் பற்றிச் சொன்னான். அடுத்த வருஷம் அவளும் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "டேலியா, இந்தப் பேச்சா, இன்னா மாமா எடுக்கச் சொல்றது?"

"அவள நீ கேட்டியா?" என்றேன்.

கேட்கவில்லையாம். போய்க் கேள், கேட்டுவிட்டு அவள் முடிக்கும்வரை சும்மா இரு என்றேன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அந்த வகுப்பைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லிக் கொடுக்காதது குறைதான்.

3 நவம்பர்

பஸ் வந்தது.

இருட்டிக்கொண்டிருந்தது. கூடத்து வாசலில் ஊரே நின்றது. செல்வகுமாரி இறங்கினாள், கம்பெனிப் பெண்கள் இறங்கினார்கள், மஞ்சுளா கடைசியில் இறங்கினாள். யாரோ மாலை கொண்டுவந்திருந்தார்கள். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் வண்டிக்குப் போட்டார்கள். "குழந்தைவேல் அண்ணன் ரெண்டு வார்த்த பேசுவாரு" என்று எவனோ குரல் கொடுத்தான்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யாராவது பின்னாடி பாருங்கய்யா, ஒண்ணும் தெரியல."

நான் பின்னால் போனேன். டார்ச்சைக் களத்து மூலையில் அடித்தேன். தென்னை, அதற்கு இந்தப் பக்கம் தொட்டி, நடுவில் வண்டி நுழையும் அளவு இடம்.

"வா" என்றேன். "வா, வா. லெப்ட்ல கொஞ்சம் ஒடி. வரட்டும். வரட்டும். போதும்."

நின்றது.